பார்பரா கார்டன்: ஒரு தோட்டாவும் அதற்குப் பதில் எழுதியவர்களும்

டிசி காமிக்ஸ் 1988 மார்ச்சில் வெளியிட்ட 'தி கில்லிங் ஜோக்' ஐம்பது பக்கத்தைக்கூடத் தொடாத தனி நூல். எழுதியவர் ஆலன் மூர், வரைந்தவர் பிரையன் போலண்ட். கதையின் முற்பகுதியில் கோதம் நகரப் போலீஸ் கமிஷனர் ஜேம்ஸ் கார்டனின் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. தோழிதான் வந்திருப்பாள் என்று மகள் பார்பரா திறக்கிறாள். வாசலில் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர். அவன் சுடுகிறான், தோட்டா முதுகுத்தண்டைச் சிதைக்கிறது. விழுந்து கிடப்பவளின் ஆடையைக் களைந்து படம் எடுக்கிறான். அந்தப் படங்களைக் காட்டி அவளுடைய அப்பாவைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான். மருத்துவமனைக் கட்டிலில் பேட்மேனிடம் சில வார்த்தை பேசியதோடு பார்பராவின் பங்கு முடிந்துவிடுகிறது. மீதிப் பக்கங்கள் மூன்று ஆண்களுக்குப் போகின்றன: சுட்டவன், தகப்பன், துரத்துகிறவன்.

இருபது வருடத்துக்கும் மேலாக பேட்கேர்ளாக, அதாவது பேட்மேனைப் போல முகமூடி போட்டுக் குற்றவாளிகளைப் பிடிப்பவளாக, இருந்தவள் அவள். ஆனால் அந்தக் கதையில் பேட்கேர்ள் உடையில் அவள் வருவதே இல்லை. தான் சுட்டது யாரை என்று ஜோக்கருக்கும் தெரியாது. கார்டனின் மகள் என்பது மட்டும்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அந்தக் கதைக்கும் அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

ஒரே கதாநாயகி பல கதாசிரியர்களின் கைமாறும்போது என்ன ஆகிறாள் என்று பார்க்க, இந்தத் துப்பாக்கிச் சூட்டை விடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. இதற்கு முன் எழுதியவர்கள் அவளை எப்படிப் பார்த்தார்கள் என்பதால்தான் இது இவ்வளவு சுலபமாக நடந்தது. பின்னால் வந்த ஒவ்வொருவரும் இதற்கு ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு கதாசிரியரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இவளை யாருடைய கதையாக எழுதினீர்கள்?

சுடப்படுவதற்கு முன்

பார்பரா பிறந்ததே ஒரு வியாபாரத் தேவைக்காக. 60களில் ஓடிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர் வில்லியம் டோசியருக்குப் புதிதாக ஒரு பெண் பாத்திரம் தேவைப்பட்டது. டிசியில் எடிட்டர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸும் ஓவியர் கார்மைன் இன்ஃபன்டினோவும் உருவாக்கிக் கொடுத்தார்கள். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதிய முதல் கதை, 1967 ஜனவரி தேதியிட்ட 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 359ஆம் இதழில் வந்தது. அந்த ஆண்டே இவான் கிரெய்க் தொலைக்காட்சியில் அவளாக நடிக்க வந்துவிட்டார்.

வியாபாரத்துக்காக வந்தாலும் ஃபாக்ஸ் அவளுக்குக் கொடுத்த அடித்தளம் நல்ல அடித்தளம். முனைவர் பட்டம் வாங்கியவள், நூலகத்தை நடத்துகிறவள். போலீஸ்காரர்களின் மாறுவேட விருந்துக்காகத் தானே தைத்த வௌவால் உடையோடு போகிற வழியில் ஒரு கடத்தலைப் பார்க்கிறாள், உள்ளே குதிக்கிறாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பெற்றோர் கொலை, பழிவாங்கும் சபதம் எதுவும் கிடையாது. பிடித்திருந்தது, முடிந்தது, செய்தாள். பேட்மேன் குடும்பத்தில் இந்தக் காரணத்துக்காக வந்தவர்கள் மிகவும் குறைவு. அவளை எனக்கு இவ்வளவு பிடிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஆனால் அதே ஃபாக்ஸ் ஒரு வருடம் கழித்து 371ஆம் இதழில் எழுதியதையும் பார்க்க வேண்டும். அதன் அட்டையில் பேட்மேனும் ராபினும் அடிவாங்கிக்கொண்டிருக்க, பேட்கேர்ள் ஓரமாக நின்று கால் உறையில் விழுந்த கிழிசலைச் சரிசெய்கிறாள். கதை முழுக்க அவளுக்கு ஒப்பனைக் கவலைதான். கடைசியில் அந்தக் கிழிசலைக் காட்டி ரவுடிகளின் கவனத்தைத் திருப்புவதுதான் அவளுடைய வெற்றி. உருவாக்கியவரே ஒரே வருடத்தில் அவளை இப்படிச் சுருக்க முடியும் என்றால், பாத்திரத்தின் அடித்தளம் மட்டும் எதையும் காப்பாற்றாது என்றுதான் அர்த்தம்.

ஃபிராங்க் ராபின்ஸ் அவளை வளர விட்டார். முகமூடி போட்டுத் திருடர்களைப் பிடிப்பதால் அவர்கள் திருந்தப் போவதில்லை என்ற முடிவுக்கு அவருடைய பார்பரா வருகிறாள். 1972இல் தேர்தலில் நின்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போகிறாள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு இவான் கிரெய்க் பேட்கேர்ள் உடையில் தோன்றிய அரசு விளம்பரமும் ஏறக்குறைய அந்தக் காலத்ததுதான். அப்புறம் ராபினோடு ஜோடி சேர்ந்த கதைகள், டிடெக்டிவ் காமிக்ஸின் பின்பக்கக் கதைகள் என்று அவள் ஓரமாகவே ஓடிக்கொண்டிருந்தாள்.

இங்கே பார்பரா ராண்டலைச் சொல்லாமல் போக முடியாது. பின்னாளில் பார்பரா கெசல் என்று அறியப்பட்டவர். டிசி கதைகளில் பெண் பாத்திரங்கள் எழுதப்படும் விதத்தைக் கண்டித்து அதன் மூத்த எடிட்டர் டிக் ஜியோர்டானோவுக்கு நீண்ட கடிதம் எழுதிய வாசகி, அதன் பலனாகவே உள்ளே எழுத வந்தார். பேட்கேர்ளையும் எழுதினார். ஆனால் 1988இல் அவருக்குக் கிடைத்த 'பேட்கேர்ள் ஸ்பெஷல்' ஒரு வழியனுப்பு விழா. பார்பரா அந்த வேடத்தை விட்டு விலகுவதுதான் அதன் கதை. அவள் மேல் உண்மையான அக்கறை இருந்த ஒருவர் கையிலேயே கதவைச் சாத்தும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். நிறுவனத்தைப் பொறுத்தவரை அப்போதே அவள் தீர்ந்துபோன பாத்திரம். மூரின் தோட்டா அப்படிப்பட்ட ஒருத்தியின் மேல்தான் பாய்ந்தது. தன்னை அன்று யாராவது தடுத்திருக்க வேண்டும் என்று மூரே பிற்காலத்தில் சொன்னார். தடுக்கும் அளவுக்கு அவள் மேல் அங்கே யாருக்கும் அக்கறை இருக்கவில்லை.

கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும்

இந்த ஆய்வின் மையம் இவர்கள் இருவரும்தான். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எழுதியவர்கள். பார்பராவுக்கு நடந்தது இருவரையுமே உறுத்தியது. ஒரு மந்திரம் போட்டோ, வேற்றுலக மருந்து கொடுத்தோ அவளை எழுப்பி நடக்க வைத்திருக்கலாம். காமிக்ஸில் அது ஒரு பக்க வேலை. அவர்கள் அதைச் செய்யவில்லை. காயம் காயமாகவே இருக்கட்டும், அதற்குப் பிறகு இந்த மூளை என்ன செய்யும் என்று யோசித்தார்கள்.

1989 ஜனவரி தேதியிட்ட 'சூசைட் ஸ்குவாட்' 23ஆம் இதழில், கணினி வழியாக ஒரு முகமற்ற குரல், சூசைட் ஸ்குவாட் குழுவின் தலைவி அமண்டா வாலரைத் தொடர்புகொண்டு உதவ முன்வருகிறது. பெயர் ஆரக்கிள். அது யார் என்று வாசகர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1990இல், 38ஆம் இதழில்தான் அந்தத் திரைக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் பார்பரா இருப்பது தெரியவருகிறது. ஒரு வருடத்துக்கும் மேலாக அவளை அவளுடைய வேலையால் மட்டும் அறிந்திருக்கிறோம். வேலையில் மதிப்பு வந்த பிறகுதான் ஆளைப் பார்க்கிறோம். இரக்கம் மரியாதையை முந்திக்கொள்ளாமல் இருக்க இதை விட நல்ல வழி இல்லை. அபாரமான கதைத் திட்டம் அது.

ஆரக்கிளுக்குத் தேவையான எதையும் அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதும் முக்கியம். நூலகர் வேலை, ஒருமுறை பார்த்ததை மறக்காத நினைவாற்றல், முனைவர் பட்டம் எல்லாம் முன்பிருந்தே உள்ளவை. சண்டைக் காட்சிகளுக்கு நடுவே யாரும் அவற்றைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். தகவலைத் தேடி, அடுக்கி, வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் கொடுப்பதுதான் ஆரக்கிளின் சக்தி. அது நூலகரின் வேலையேதான்.

அவளுடைய இடைக்காலத்தை இருவரும் 1996இல் எழுதினார்கள். 'தி பேட்மேன் குரோனிகல்ஸ்' 5ஆம் இதழில் வந்த 'ஆரக்கிள்: இயர் ஒன்'. ஓவியம் பிரையன் ஸ்டெல்ஃப்ரீஸ். மருத்துவமனை, கோபம், உதவியில்லாமல் அன்றாட வேலைகளைப் பழகுவது, தற்காப்புக் கலை ஆசான் ரிச்சர்ட் டிராகனிடம் கோல் சண்டை கற்பது என்று போகிற அந்தக் கதையில், பார்பரா பேட்மேனிடம் பேசும் ஒரு பக்கம் இருக்கிறது. வலியை விடவும் கால் போனதை விடவும் தன்னை எது அவமானப்படுத்துகிறது என்று அங்கே சொல்கிறாள். நடந்தது எல்லாம் உனக்கும் அவனுக்கும் இடையிலான விவகாரம், நான் அதில் ஒரு பொருட்டே இல்லை, பேட்கேர்ளாக இருந்தபோதும் உன்னுடைய பலவீனமான பிரதியாகத்தான் என்னைப் பார்த்தார்கள் என்பது அவள் பேச்சின் சாரம்.

பேசுவது பாத்திரம். ஆனால் அந்தக் குற்றச்சாட்டு கதாசிரியர்களை நோக்கிப் போகிறது. ஃபாக்ஸின் கால் உறைக் கதை, வழியனுப்பு விழா, மூரின் மருத்துவமனைக் கட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பக்கத்தில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. எட்டு வருடத்துக்கு முன் வேறொருவர் எழுதிய கதையில் அவளுக்குக் கிடைக்காத பேச்சு இங்கே கிடைக்கிறது. மூரின் பிரதியில் ஒரு வரியைக்கூட அவர்கள் மறுக்கவில்லை. நடந்தது நடந்ததுதான், ஆனால் இனி அது அவளுடைய வாயால் சொல்லப்படும். கைமாறும் ஒரு பாத்திரத்துக்கு ஒரு கதாசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன். கிம் யேல் அடுத்த ஆண்டே, 1997இல், காலமானார்.

கோபுரத்தில் இருந்து

1996இலேயே சக் டிக்ஸன், ஆரக்கிளையும் பிளாக் கேனரி என்ற இன்னொரு சாகச நாயகியையும் ஜோடி சேர்த்தார். 1999இல் அது 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' என்ற மாதத் தொடரானது. கடிகாரக் கோபுரத்தில் ஒருத்தி, களத்தில் ஒருத்தி, நடுவே காதில் ஒரு சின்னக் கருவி. தொடரின் 21ஆம் இதழ் வரை இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. டிக்ஸன் சாகச எழுத்தாளர், வேகம்தான் அவருடைய பலம். ஆனாலும் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பாத ஒருத்தியின் தயக்கத்தை அவ்வளவு நீளமாக இழுத்தது வெறும் சஸ்பென்ஸுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. அதே காலத்தில் கிராண்ட் மாரிசன் அவளை சூப்பர்ஹீரோக்களின் குழுவான ஜஸ்டிஸ் லீக்கிலேயே சேர்த்துவிட்டார். சூப்பர்மேனும் பேட்மேனும் தகவலுக்காக அவளிடம் வந்து நின்றார்கள். பேட்கேர்ள் பட்டத்தை கசாண்ட்ரா கெயின் என்ற இளம்பெண்ணுக்குத் தந்தபோது, வாரிசை அங்கீகரிக்கும் மூத்தவளாகவே தந்தாள்.

2003இல் 56ஆம் இதழிலிருந்து கெயில் சிமோன் பொறுப்பேற்றார். காமிக்ஸில் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியலை 1999இல் தொகுத்தவர் அவர்தான். பட்டியலில் பார்பராவும் உண்டு. வாசகியாக எழுப்பிய கேள்வியைக் கதாசிரியராகத் தானே சுமக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது, அதை அவர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். டிக்ஸனிடம் ஆரக்கிள் ஒரு திறமையான குரல். சிமோனிடம் அவள் தவறும் செய்யும் தலைவி. ஹன்ட்ரஸ் என்ற முகமூடி நாயகியைக் குழுவில் சேர்த்துவிட்டு, அவளுக்கே தெரியாமல் அவளைத் திருத்தி வளைக்கப் பார்க்கிறாள். அது வெளிப்பட்டதும் ஹன்ட்ரஸ் விலகிப் போகிறாள். எல்லாம் அறிந்தவள் எல்லாரையும் ஆட்டிவைக்கப் பார்ப்பாள் என்பது ஆரக்கிளின் இயல்பிலேயே இருக்கும் ஆபத்து. அதைத் தொட்டதால்தான் அந்தக் காலகட்டக் கதைகள் இன்றும் கனமாக இருக்கின்றன.

2011: அதே கை, வேறு கட்டளை

2011 செப்டம்பரில் டிசி தன் கதை உலகம் முழுவதையும் புதிதாகத் தொடங்கியது. அதில் பார்பரா மீண்டும் பேட்கேர்ள். துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆனால் தென்னாப்பிரிக்காவில் சிகிச்சை பெற்று நடக்கிறாள். முடிவு நிறுவனத்துடையது. எழுத அழைக்கப்பட்டவர் சிமோன்.

இழப்பு பெரிது. ஊனமுற்ற வாசகர்கள் பலருக்கு ஆரக்கிள் ஒரே ஒருத்தி. ஊனத்தோடு முன்னணியில் இருந்தவள், யாருடைய பரிதாபத்துக்கும் ஆளாகாதவள். உடல் மாற்றும் எந்திரங்களும் உயிர்ப்பிக்கும் குளங்களும் நிறைந்த அந்த உலகத்தில் அவள் மட்டும் நாற்காலியில் இருப்பது நம்பும்படி இல்லை என்று சிலர் வாதிட்டார்கள். அந்த வாதம் எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. பேட்மேனின் முதுகெலும்பும் 90களில் முறிக்கப்பட்டது. அவன் எழுந்து வந்ததற்கு ஒரு கதை இருந்தது. பார்பராவுக்கு எழாமல் இருப்பதில்தான் கதை இருந்தது, அதுவும் இருபது வருடம். அதோடு பேட்கேர்ளாக அப்போது ஸ்டெஃபனி பிரவுன் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாள். பிரையன் க்யூ. மில்லர் எழுதிய அந்தத் தொடரில் பார்பரா அவளுக்கு ஆசிரியை. ஒரே முடிவில் மூத்தவளும் போனாள், இளையவளும் போனாள்.

இருந்தும், கொடுக்கப்பட்ட எல்லைக்குள் சிமோன் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் இதழின் வில்லன் மிரர். சாக வேண்டியவர்கள் அதிசயமாகப் பிழைப்பது தவறு என்று நம்பி, அப்படிப் பிழைத்தவர்களைத் தேடிக் கொல்கிறான். பார்பராவின் பெயரும் அவன் பட்டியலில் இருக்கிறது. பழைய காயம் இருந்த இடத்துக்கு நேரே அவன் துப்பாக்கியை நீட்டும்போது அவள் அப்படியே உறைந்து நிற்கிறாள். நடக்க வைத்துவிட்டார்கள், ஆனால் அந்த வாசற்கதவை அவள் இன்னும் தாண்டவில்லை. ஏன் எனக்கு மட்டும் குணமானது என்ற குற்ற உணர்வை, வாசகர்கள் கேட்ட அதே கேள்வியை, சிமோன் பார்பராவையே கேட்க வைத்தார். 2012 டிசம்பரில் டிசி அவரைத் தொடரிலிருந்து நீக்கியது. எதிர்ப்புக் கிளம்பி, இரண்டே வாரத்துக்குள் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

பர்ன்சைடும் ஓர் அட்டைப்படமும்

2014 அக்டோபரில் கேமரன் ஸ்டூவர்ட், பிரெண்டன் ஃப்ளெச்சர், ஓவியர் பாப்ஸ் டார் மூவரும் 35ஆம் இதழிலிருந்து திசையை மாற்றினார்கள். பர்ன்சைடு என்ற துடிப்பான பகுதி, ஆராய்ச்சி மாணவி பார்பரா, தோல் ஜாக்கெட்டும் பூட்ஸுமாக அவளே தைத்துக்கொண்ட உடை. 1967இன் தைரியமும் குதூகலமும் திரும்பி வந்தன. சறுக்கலும் உண்டு. 37ஆம் இதழில் பேட்கேர்ள் வேடமிட்ட ஒரு ஆண் வில்லனைக் காட்டிய விதம் திருநர்களை இழிவுபடுத்துவதாக விமர்சனம் எழுந்தது. குழு மன்னிப்புக் கேட்டது, தொகுப்பு நூலில் அந்தப் பகுதியைத் திருத்தவும் செய்தது.

அந்த முதல் தொடர்கதையின் வில்லி யார் என்று தெரியும்போது இவர்கள் வெறும் ஜாலிக்காக எழுதவில்லை என்பது புரிகிறது. சுடப்பட்ட பின் எடுக்கப்பட்ட பார்பராவின் மூளைப் பதிவு ஒரு செயற்கை அறிவாக உயிர்பெற்று, தானே உண்மையான பார்பரா என்று நம்புகிறது. காயத்தின் கோபம் மட்டும் தனியாகப் பிரிந்து நிற்கிறது. யேலும் ஆஸ்ட்ராண்டரும் பேச வைத்த கோபத்தை இவர்கள் எதிராளியாகவே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வருடம் மார்ச்சில், இதே தொடரின் 41ஆம் இதழுக்காக ரஃபேல் அல்புகர்க் வரைந்த மாற்று அட்டை வெளியே தெரிந்தது. ஜோக்கரின் கை பார்பராவின் தோளில், கையில் துப்பாக்கி, அவள் கண்ணில் நீர், வாயில் சிவப்பாக வரைந்த சிரிப்பு. இதழ் தயாரித்த குழுவுக்கே அது பிடிக்கவில்லை. வாசகர்களின் எதிர்ப்புக்குப் பின், ஓவியரே கேட்டுக்கொண்டதால் டிசி அதைத் திரும்பப் பெற்றது. இதைத் தணிக்கை என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. திறமையான ஓவியம்தான், ஆனால் அது 1988ஐச் சேர்ந்தது. இருபத்தேழு வருடமாகப் பல கைகள் சேர்ந்து எழுதிச் சேர்த்த எல்லாவற்றையும் தாண்டி, அவளை மறுபடி அந்த வாசலுக்கே இழுத்துக்கொண்டு போனது.

2016இல் 'தி கில்லிங் ஜோக்' அசைபடமாக வந்தபோதும் இதேதான் நடந்தது. மூல நூலில் பார்பராவுக்கு இடமில்லை என்ற குறையைத் தீர்க்க, பிரையன் அஸரெல்லோ எழுதிய திரைக்கதை முன்னால் ஒரு நீண்ட பகுதியைச் சேர்த்தது. அதில் அவள் பேட்மேனோடு உறவு கொள்கிறாள், அவனுக்காக ஏங்குகிறாள். நேரம் கூடியது, ஆனால் அவள் மறுபடியும் பேட்மேனின் கதையில் ஒரு துணுக்குதான். எத்தனை பக்கம், எத்தனை நிமிடம் என்பது பிரச்சினையே இல்லை என்று 1996இன் அந்த ஒரு பக்கம் ஏற்கெனவே நிரூபித்திருந்தது.

இப்போது

2016க்குப் பின் ஹோப் லார்சன், மைரெட் ஸ்காட், செசில் காஸ்டலூச்சி என்று பேட்கேர்ளை எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். தொடர் 2020இல் 50ஆம் இதழோடு நின்றது. அதே ஆண்டு நடந்த ஜோக்கர் போர்க் கதைகளுக்குப் பின் பார்பரா மீண்டும் ஆரக்கிள் ஆனாள். முதுகில் பொருத்தியிருக்கும் மின்னணுச் சில்லைப் பார்த்துப் பராமரிக்க வேண்டிய நிலை, நடக்க முடிகிறது, ஆனால் பழையபடி தாவிக் குதிப்பது நிரந்தரமில்லை. இரு தரப்பு வாசகர்களையும் சமாதானப்படுத்தும் ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்தான். ஆனால் ஒரு நாள் முடியும், ஒரு நாள் முடியாது என்று வாழ்கிறவர்களுக்கு அது வெறும் சமாதானம் இல்லை. 2021 இறுதியில் தொடங்கிய 'பேட்கேர்ள்ஸ்' தொடரில் பெக்கி குளூனனும் மைக்கேல் கான்ராடும் ஸ்டெஃபனி, கசாண்ட்ரா இருவரையும் அவள் பொறுப்பிலேயே விட்டார்கள். 2011இல் உடைந்தது அங்கே ஒட்டிக்கொண்டது.

இவை எல்லாவற்றையும் விட என்னை அசைத்தது முதன்மைக் கதை உலகத்துக்கு வெளியே வந்த ஒரு நூல். 2020இல் வெளியான 'தி ஆரக்கிள் கோட்'. எழுதிய மரீக்கே நைகாம்ப் ஊனத்தோடு வாழ்கிறவர். ஓவியம் மனுவல் ப்ரெய்டானோ. இதில் பார்பரா பதின்ம வயது ஹேக்கர். ஒரு கொள்ளைச் சம்பவத்தில் குண்டடிபட்டு மறுவாழ்வு மையத்துக்கு வருகிறாள். அங்கே நோயாளிகள் காணாமல் போவதைக் கண்டுபிடிக்கிறாள். ஜோக்கர் இல்லை, கேமரா இல்லை, பேட்மேனும் இல்லை. சுட்டவன் யார் என்பதற்குக் கதையில் ஒரு மதிப்பும் கிடையாது. சக்கர நாற்காலியில் எப்படித் திரும்புவது, படிக்கட்டு வந்தால் என்ன செய்வது, யாரை நம்புவது என்பதற்குத்தான் பக்கங்கள் போகின்றன. சுடப்பட்ட பார்பராவை ஜோக்கர் இல்லாமலே முழுசாக எழுத முடியும் என்று காட்ட 32 வருடம் ஆகியிருக்கிறது.